வட்டக் களஞ்சியமும் அப்பாவின் புகைக்கொட்டகையும்

எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு மரக்கழி இருக்கிறது. ஆறடி நீளம், கரிய நிறம். பல ஆண்டுகளாக அம்மா அதில்தான் துணி காயவைக்கிறார். மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில் அதன் அருகே சென்றால் இன்றும் மெல்லிய புகை மணம் வரும்.

“இந்தக் கழி எங்கிருந்து வந்தது?” என்று என் பிள்ளைகள் ஒருநாள் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிய நான், எங்கள் தோட்டத்திலிருந்து தொடங்கவில்லை. அமெரிக்காவில் நான் பார்த்த ஒரு பழைய வைக்கோல் களஞ்சியத்திலிருந்து தொடங்கினேன். “கழிக்கும் அமெரிக்காவுக்கும் என்னம்மா தொடர்பு?” என்று அவர்கள் சிரித்தார்கள். தொடர்பு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்வித்துறையில் முதுகலைப் பட்டம் பெறுவதற்காக நான் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் சில காலம் தங்கியிருந்தேன். அப்போது என்னுடன் படித்த மலாய்த் தோழி ஒருத்தி பழைய மகிழுந்து ஒன்றை வாங்கியிருந்தாள். வார இறுதியில் எங்கேனும் போகலாம் என்று அவள்தான் அழைப்பாள். ஒரு சனிக்கிழமை காலை ‘ரூட் 66’ என்னும் புகழ்பெற்ற பழைய நெடுஞ்சாலையில் எங்கள் பயணம் தொடங்கியது.

அந்தச் சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1926ஆம் ஆண்டில் அது அதிகாரபூர்வமாக எண்ணிடப்பட்டது. சிக்காகோ நகரில் தொடங்கி மேற்குக் கடற்கரைவரை ஏறத்தாழ 2,400 மைல் நீளும் அச்சாலை, பல சிற்றூர்களுக்கு வாழ்வளித்தது. பின்னர் அகன்ற புதிய விரைவுச்சாலைகள் வந்தன. பழைய சாலை மெல்ல மெல்ல மறக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது. இருப்பினும், பழமையை விரும்புவோர் இன்றும் அவ்வழியே பயணம் செய்கின்றனர்.

ஒக்லஹோமா நகரின் வடகிழக்கே ஆர்கேடியா என்ற சிற்றூர் இருக்கிறது. அதை நெருங்கியபோது தோழி சட்டென்று மகிழுந்தின் வேகத்தைக் குறைத்தாள். “அங்கே பார்!” என்றாள். சாலையோரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய பெரிய வட்டவடிவக் கட்டடம் ஒன்று நின்றது. அதன் கூரை, கவிழ்த்து வைத்த பெரிய அண்டாவைப் போல் இருந்தது. கோயில் என்று நினைப்பதற்குக் கோபுரம் இல்லை. வீடு என்று நினைப்பதற்கு மூலைகள் இல்லை.

அது ஒரு களஞ்சியம். வைக்கோல், தானியம், கால்நடைகள் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் பாதுகாப்பதற்காக அமெரிக்க விவசாயிகள் கட்டும் பெரிய கொட்டகை. அத்தகைய களஞ்சியங்கள் பொதுவாக நீள்சதுரமாகவே இருக்கும். இதுவோ வட்டமாக இருந்தது.

உள்ளே நுழைவதற்குக் கட்டணம் இல்லை. வாசலில் ஒரு நன்கொடைப் பெட்டி மட்டுமே இருந்தது. அதன் அருகே முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் சம்பளத்திற்கு வேலை செய்பவர் அல்லர், தன்னார்வலர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, அந்தக் கட்டடத்தின் கதையை ஆர்வத்தோடு சொல்லத் தொடங்கினார்.

அந்தக் களஞ்சியத்தைக் கட்டியவர் வில்லியம் ஓடர் என்னும் விவசாயி. 1898ஆம் ஆண்டில் அதைக் கட்டி முடித்தார். அதன் விட்டம் 60 அடி. உயரம் 40 அடிக்கும் அதிகம். ஒக்லஹோமா, சூறாவளிகள் அடிக்கடி சுழன்றடிக்கும் பகுதி. தட்டையான சுவரின்மீது காற்று முழு வேகத்தில் மோதும். வளைந்த சுவரிலோ அது வழுக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடும். ஆகவே, வட்டமான கட்டடம் சூறாவளியையும் தாங்கும் என்று ஓடர் நம்பினார்.

வட்டமாகக் கட்டுவது என்பது சொல்வதற்கு எளிது. செங்கல்லாக இருந்தால் வளைத்து அடுக்கலாம். நீண்ட மரப்பலகையை எப்படி வளைப்பது? ஓடர் அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஓக் மரங்களை வெட்டினார். பலகைகள் பச்சையாக இருக்கும்போதே அவற்றை நீரில் ஊறவைத்தார். நன்கு ஊறி நெகிழ்ந்த பலகைகளைச் சட்டத்தில் பொருத்தி, வேண்டிய அளவுக்கு வளைத்தார். காய்ந்த பிறகு பலகை அந்த வளைவிலேயே நின்றுவிடும். சுவருக்கும் அப்படித்தான், கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களுக்கும் அப்படித்தான். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று நாம் சொல்வோமே, அதை மரத்தில் செய்து பார்த்தவர் அவர்.

அந்தக் கட்டடம் உருவானபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை முதியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். களஞ்சியத்தின் கீழ்த்தளம் கால்நடைகளுக்கு, மேல்தளம் வைக்கோலுக்கு. வைக்கோல் போடும் இடத்திற்குச் சொரசொரப்பான மலிவுப் பலகையே போதும். ஆனால், வேலை செய்துகொண்டிருந்த இளைஞர்களுக்கு வேறோர் ஆசை. வளைந்த கூரையின்கீழ் விரிந்து கிடந்த அந்த வட்டத்தளத்தைப் பார்த்ததும், “இங்கே நடனம் ஆடினால் எப்படி இருக்கும்!” என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. நடனமாட வழவழப்பான உயர்தரப் பலகை வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவைத் தாங்களே கொடுப்பதாக அவர்கள் ஓடரிடம் கூறினர். அவரும் இசைந்தார். அவ்வாறே தளம் அமைந்தது. அதன் பிறகு, ஊர்மக்கள் கூடி ஆடிப் பாடும் மன்றமாகவும் அக்களஞ்சியம் விளங்கியது. கீழே மாடுகள், மேலே இசை!

அன்றிரவு விடுதிக்குத் திரும்பிய பிறகும் ஒரு வினா என்னை விடவில்லை. அமெரிக்க விவசாயிகளுக்கு இந்த வட்ட வடிவத்தின்மீது ஏன் இவ்வளவு ஈர்ப்பு? பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படித்தபோது விடை கிடைத்தது.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். 60 அடி விட்டம் கொண்ட வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 188 அடி. அதே 188 அடிச் சுவரைக் கொண்டு ஒரு சதுரக் கட்டடம் கட்டினால், ஒவ்வொரு பக்கமும் 47 அடி இருக்கும். அதன் பரப்பளவு ஏறத்தாழ 2,200 சதுர அடி. வட்டத்தின் பரப்பளவோ ஏறத்தாழ 2,800 சதுர அடி. அதே நீளச் சுவர். ஆனால், 600 சதுர அடி கூடுதல் இடம்! பலகைக்குக் காசு கொடுக்கும் விவசாயிக்கு இது சிறிய ஆதாயமன்று.

வேலையும் எளிதாகும். நடுவில் தீவனக் கிடங்கு இருக்கும். மாடுகள் அதை நோக்கித் தலைவைத்து வட்டமாக நிற்கும். விவசாயி நடுவில் நின்றபடியே எல்லா மாடுகளுக்கும் தீனி போட்டுவிடலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹான்காக் என்ற இடத்தில், ‘ஷேக்கர்’ என்னும் சமயக் குழுவினர் 1826ஆம் ஆண்டிலேயே கல்லால் ஒரு வட்டக் களஞ்சியம் கட்டினர். அதற்கும் முன்னர், அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தம் பண்ணையில் பதினாறு பக்கங்கள் கொண்ட களஞ்சியம் ஒன்றைக் கட்டச் செய்தார். அதன் மேல்தளத்தில் குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து கோதுமைக் கதிர்களை மிதிக்கும். உதிர்ந்த மணிகள் தளத்தின் இடைவெளி வழியாகக் கீழே விழும். நம் முன்னோர் களத்தில் மாடுகட்டிப் போரடித்தது என் நினைவுக்கு வந்தது. 1910ஆம் ஆண்டில் இல்லினாய்ப் பல்கலைக்கழகம், வட்டக் களஞ்சியத்தின் சிக்கனத்தை விளக்கி விவசாயிகளுக்காக ஓர் அறிக்கையே வெளியிட்டது.

அப்படியானால், இவ்வளவு நன்மை தரும் கட்டடம் ஏன் வழக்கொழிந்தது? காலம் மாறியது. மின்சாரம் வந்தது, பால் கறக்கும் இயந்திரம் வந்தது, உழுவூர்திகள் வந்தன. நேரான கட்டடத்தை வேண்டும்போது நீட்டிக்கொள்ளலாம். வட்டத்தை நீட்ட முடியாது. பலகையை வளைக்கத் தெரிந்த தச்சர்களும் குறைந்தனர். புதிய வட்டக் களஞ்சியங்கள் கட்டப்படவில்லை. இருந்தவை ஒவ்வொன்றாகச் சிதைந்தன.

ஆர்கேடியாவுக்கும் அதே நிலைதான். 1977ஆம் ஆண்டில் வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களின் தேசியப் பட்டியலில் அதன் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால், பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் கூரை நிற்குமா? கவனிப்பார் இல்லாமல் கட்டடம் நாளுக்கு நாள் நலிந்தது. 1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்தப் பெரிய கூரை இடிந்து விழுந்தது.

இனி அவ்வளவுதான் என்றே எவரும் எண்ணியிருப்பர். லூக் ராபிசன் என்பவர் அப்படி எண்ணவில்லை. அவர் கட்டடக் குத்தகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர். அவரைச் சுற்றி ஒரு குழு சேர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். ‘வயதேறியோர் கூட்டம்’ என்று பொருள்படும் ஒரு வேடிக்கைப் பெயரையும் தங்களுக்குச் சூட்டிக்கொண்டனர். பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருக்கவேண்டிய வயதில் அவர்கள் சுத்தியலைக் கையில் எடுத்தனர். ஓடர் கையாண்ட அதே முறையைப் பின்பற்றிப் பலகைகளை ஊறவைத்து வளைத்தனர். 1992ஆம் ஆண்டில் களஞ்சியம் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டில், வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் அமெரிக்கத் தேசிய அறக்கட்டளை அவர்களின் கைத்திறனைப் பாராட்டி விருது வழங்கியது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு நாங்கள் மரப்படிகளில் ஏறி மேல்தளத்திற்குச் சென்றோம். அண்ணாந்து பார்த்தேன். வளைந்த மரச்சட்டங்கள் நாற்புறமிருந்தும் எழுந்து உச்சியில் ஒன்றுகூடின. ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து, அதன் உள்ளே நிற்பதுபோல் இருந்தது. தோழி நடுவில் நின்று மெதுவாகப் பேசினாள். அவளது குரல் கூரையில் பட்டு எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தத் தளத்தில் இப்போதும் திருமண விருந்துகளும் நடன நிகழ்ச்சிகளும் நடப்பதாக முதியவர் கூறினார்.

என் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. அவரிடம் கேட்டேன்.

“ஐயா, கூரை முழுவதும் புதியது என்கிறீர்கள். அப்படியென்றால் இது பழைய களஞ்சியம்தானா?”

அவர் சற்று நேரம் யோசித்தார்.

“கூரை புதியதுதான். ஆனால், அதை வளைத்த முறை பழையது. கட்டடத்தை மட்டும் காப்பாற்றியிருந்தால் பாதியைத்தான் காப்பாற்றியிருப்போம். அதை எப்படிக் கட்டுவது என்பதையும் சேர்த்துக் காப்பாற்றினோம். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும், அம்மா” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. நான் சாளரத்தின் ஓரமாகச் சென்று நின்றுகொண்டேன். அங்கிருந்த மர வாசனை என்னைப் பல்லாயிரம் மைல் தொலைவுக்கு இழுத்துச் சென்றது.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா அங்குள்ள புகைக்கொட்டகையில் வேலை செய்தார். தோட்டத்து மக்கள் அதை ‘ஸ்டோரு’ என்றே அழைப்பார்கள். காலையில் வெட்டிய மரத்துப் பால் வாளிகளில் அங்கே வந்து சேரும். அதை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, அமிலம் கலந்து உறையவைப்பார்கள். உறைந்த பாலை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவார்கள். வெள்ளைத் துணிபோல் இருக்கும் அந்தத் தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டுப் புகைக்கொட்டகைக்குள் ஏற்றுவார்கள். கீழே ரப்பர் விறகு கனன்றுகொண்டிருக்கும். சில நாள்களில் தகடுகள் தேன் நிறமாகி வெளியே வரும்.

கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும். ஆனால், நெருப்பு கூடினால் தகட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கொட்டகையில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தது. அப்பா அதை அரிதாகவே பார்ப்பார். கதவைச் சிறிது திறந்து, முகத்தில் படும் வெப்பத்தையும் புகையின் மணத்தையும் வைத்தே சொல்லிவிடுவார். “இன்னும் ரெண்டு கட்டை போடணும்” என்பார். அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நெருப்பைக் காத்தார். வீட்டுக்கு வரும்போது அவருடைய சட்டையில் புகை மணக்கும். பள்ளிக்கூடத்தில் என் தோழியர் அந்த மணத்தைப் பற்றிக் கேலி செய்துவிடுவார்களோ என்று நான் அஞ்சியதுண்டு.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது தோட்டம் விற்கப்பட்டது. வீடமைப்புத் திட்டம் வரப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. விடுமுறைக்கு வந்திருந்த என்னை அப்பா ஒருநாள் இரவு அருகில் அழைத்தார்.

“நீ படிச்ச புள்ள. ஆபிசுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடும்மா. லயத்தை இடிக்கட்டும், நாம என்ன சொல்ல முடியும்? அந்த ஸ்டோரை மட்டும் விட்டு வைக்கச் சொல்லு. பின்னால வர்ற பிள்ளைங்க பார்க்கணும்ல. இங்கே என்ன வேலை நடந்துச்சுன்னு தெரியணும்ல.”

அப்பா என்னிடம் எதையும் கேட்பவர் அல்லர். என் படிப்புக்காகக் கடன் வாங்கியபோதுகூட அதை என்னிடம் சொல்லாதவர். அன்று அவர் கேட்டது ஒரே ஒரு கடிதம்.

“தேர்வு முடியட்டும்பா, எழுதித் தர்றேன்” என்றேன்.

தேர்வு ஒரு காரணம்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்கமாக இருந்தது. கரிபிடித்த ஒரு பழைய கொட்டகையைக் காப்பாற்றச் சொல்லி யாராவது கடிதம் எழுதுவார்களா? படித்தவர்கள் சிரிக்கமாட்டார்களா? அப்படித்தான் அன்று எண்ணினேன்.

தேர்வு முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது புகைக்கொட்டகை இருந்த இடத்தில் செம்மண் தரைதான் இருந்தது. அப்பா என்னைக் குறைகூறவில்லை. கடிதத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. வீட்டுப் பின்புறத்தில் புதிதாக ஒரு கழி கட்டப்பட்டிருந்தது. இடித்த இடத்திலிருந்து அப்பா எடுத்துவந்த, ரப்பர்த் தகடு தொங்கவிடும் கழி அது. அம்மா அதில் ஈரத்துணிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு கடிதத்தால் கொட்டகை நிலைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நிலத்தை விற்றவர்களும் வாங்கியவர்களும் அதைப் படிக்காமலே ஒதுக்கியிருக்கலாம். ஆனால், நான் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

ஆர்கேடியாவில் அந்தச் சாளரத்தின் அருகே நின்றபோது எனக்கு இவையெல்லாம் நினைவுக்கு வந்தன. அந்த ஊராரும் ஒரு மாட்டுக் கொட்டகையைத்தான் காப்பாற்றினார்கள். அது மன்னரின் அரண்மனையன்று. போர் நடந்த கோட்டையன்று. வைக்கோல் போட்டு வைத்த இடம். ஆயினும், அதைக் காப்பாற்ற அவர்கள் வெட்கப்படவில்லை.

“என்ன, பேச்சையே காணோம்?” என்றாள் தோழி.

“வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யவேண்டும்” என்றேன்.

அன்றிரவு அப்பாவுடன் பேசினேன். களஞ்சியத்தைப் பற்றிச் சொன்னேன். மரத்தை நீரில் ஊறவைத்து வளைத்தார்கள் என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “எத்தனை நாள் ஊறவெச்சாங்களாம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “நல்லா விசாரிச்சுக்கிட்டு வாம்மா” என்றார். பிறகு நான் தயங்கித் தயங்கி, “அப்பா, நான் வந்ததும் நம்ம ஸ்டோரை வரைஞ்சு காட்டுவீங்களா?” என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு, “வரையலாமே” என்றார்.

நாடு திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பழைய நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் அப்பா கோடு இழுக்கத் தொடங்கினார். அவருக்கு அடிக்கணக்கு நினைவில் இல்லை. எழுந்து வரவேற்பறையில் நடந்து காட்டினார். “கதவுக்கும் அடுப்புக்கும் நடுவுல இத்தனை எட்டு” என்றார். நான் பின்னாலேயே அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சில வாரங்களில் அப்பாவின் பழைய நண்பர்களும் வரத் தொடங்கினார்கள். பால்வெட்டு வேலை செய்த பெரியம்மா ஒருவர், தகடு உருட்டிய மாமா ஒருவர், தோட்டத்துத் தச்சர் ஒருவர், கிராணியாக இருந்தவர் ஒருவர் என எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் சேர்ந்தது. எனக்கும் ஒரு ‘வயதேறியோர் கூட்டம்’ கிடைத்துவிட்டது! கொட்டகைக்குக் கதவு இரண்டா மூன்றா என்று அவர்கள் அரைமணி நேரம் வாதிட்டார்கள். கூரையில் புகை வெளியேறும் திறப்பை எப்போது மூடவேண்டும் என்பதை அப்பா விளக்கியபோது, மற்றவர்களுக்கே அது புதிய செய்தியாக இருந்தது. முப்பது ஆண்டுகள் பக்கத்திலேயே வேலை செய்தவர்கள்! அவர்கள் பேசியதையெல்லாம் நான் ஒலிப்பதிவு செய்தேன், இரவில் எழுதிவைத்தேன்.

அந்தக் குறிப்புகளைக் கொண்டு தச்சர் மாமா ஒரு மாதிரிக் கட்டடம் செய்தார். ரப்பர் மரத்துண்டுகளால் ஆன சிறிய புகைக்கொட்டகை. கூரையைத் தூக்கினால் உள்ளே கழிகள் வரிசையாக இருக்கும். எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நூலகத்தில் அதை வைத்தோம். அப்பா தம்முடைய வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டு வந்திருந்தார். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அவரிடம், “தாத்தா, புகைக்குள் நின்றால் கண் எரியாதா?” என்று கேட்டான். “எரியும். ஆனா, பழகிப்போகும். நெருப்பை விட்டுட்டுப் போகமுடியாதுல்ல” என்றார் அப்பா. அந்த மாணவன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

மாதிரிக் கட்டடம் உண்மைக் கட்டடம் ஆகிவிடாது. அதற்குள் நுழைந்து அண்ணாந்து பார்க்க முடியாது. முகத்தில் வெப்பம் படாது. ஆர்கேடியாவில் கூரை விழுந்த பிறகும் சுவர் இருந்தது. அதனால் மீட்க முடிந்தது. எங்களுக்குச் சுவரும் இல்லை. அந்த இழப்பு இழப்புதான். ஆனால், அந்த நெருப்பைக் காத்தவரின் அறிவு அவரோடு போய்விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அப்பா மறைந்தார். அவருடைய குரல் என் ஒலிப்பதிவில் இருக்கிறது. எப்போது விறகு போடவேண்டும் என்று அதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டிலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. இவை பெருமைக்குரியவை. எனினும், ஒரு கட்டடம் பட்டியலை எட்டுவதற்கு முன்பு, அதைக் காக்கத் தகுந்தது என்று யாராவது ஒருவர் முதலில் எண்ணவேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அந்த இடத்தில் வேலை செய்தவராகவோ அவருடைய பிள்ளையாகவோ இருப்பார். வாடிக்கையாளர் குறைந்துபோன முடிதிருத்தகம், தாத்தா நடத்திய மாட்டுத் தொழுவம், படகு கட்டிய பட்டறை, பயன்பாட்டில் இல்லாத தொடர்வண்டி நிலையம் என உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கலாம். அங்கே வேலை செய்தவர்கள் சிலர் இன்றும் உங்கள் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

என் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டிருந்தது. இளையவன் எழுந்து பின்புறம் சென்றான். கழியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, அதை முகர்ந்து பார்த்தான்.

“தாத்தா சட்டை மாதிரியே மணக்குதும்மா” என்றான்.

அவனுக்குப் பின்னால் நானும் எழுந்து சென்றேன்.